மைலேஜுக்காகத் தேய்ந்த கிளட்ச்: ஒரு ஃப்ளைவீலின் பிரேதப் பரிசோதனை

வண்டி முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா, 1.9 டிடிஐ டீசல், 90 குதிரைத்திறன், ஐந்து கியர். 2000களின் தொடக்கத்தில் அவுரங்காபாத்திலிருந்து வந்த வண்டிகளில் ஒன்று. மீட்டர் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. கிளட்ச், வண்டியோடு வந்தது, ஒருமுறைகூட மாற்றவில்லை. இருப்பு, பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பு. ஓட்டுபவர் நண்பனின் அப்பா. நான் மாமா என்று கூப்பிடுவேன். வால்பாறையில் அவருக்குச் சொந்தபந்தம் உண்டு. அதனால் ஆழியாறு தாண்டி வரும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் இந்த வண்டிக்கு அத்துப்படி.

மாமா வேகமாக ஓட்டுபவர் இல்லை. வண்டியைப் பார்த்த மெக்கானிக்குகள் எல்லாரும் “யாரோ போட்டு மிதிச்சிருக்காங்க” என்றே ஆரம்பித்ததால், இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். மிதித்தவர் யாரும் இல்லை. இந்த வண்டி அதன் ஆயுள் முழுக்கப் பொத்திப் பொத்தி ஓட்டப்பட்டது.

புகார்

இரண்டு புகார்கள். புதியது, மலையில் வளைவு திரும்பி இரண்டாவது கியரில் ஏறும்போது இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் மட்டும் மேலே போகிறது, வண்டி போவதில்லை. கூடவே கருகல் வாடை. பழையது, இன்ஜினை நிறுத்தும்போது அடியில் ‘கடகட’ என்று ஒரு உலுக்கல். இது ஒரு வருடத்துக்கு மேலாகவே இருந்திருக்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் மவுண்டிங் என்று சொல்லி அடி மவுண்டிங்கை மாற்றிக் கொடுத்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. இன்னொரு இடத்தில் “கிளட்ச் செட் மாத்தினா எல்லாம் சரியாயிடும்” என்றார்கள். இன்ஜினோடு சுழலும், கிளட்ச் வந்து ஒட்டும் கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல். அந்தச் சொல்லை யாரும் எடுக்கவே இல்லை.

கிளட்ச் நழுவுகிறது என்பதை உறுதிசெய்வது சுலபம். இந்த இன்ஜினின் முழு முறுக்குவிசை 210 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது 1900 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 1900 சுற்றில். அதனால் காலியான சமதளச் சாலையில் நான்காவது கியரில் 1800 வாக்கில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் போதும். பிடிப்பு நன்றாக இருந்தால் முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறும். இங்கே முள் சட்டென்று 2500க்குத் தாவியது; வேகம் இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, “அட, டர்போ எடுக்குதுன்னல்ல நெனச்சேன் கண்ணு” என்றார்.

சத்தத்துக்கு வருவோம். நின்ற நிலையில் ஐட்லிங்கில் கிளட்சை அழுத்தியும் விட்டும் கேட்டோம். அழுத்தும்போது மட்டும் வந்தால், கிளட்சை விடுவிக்கத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். விட்டிருக்கும்போது மட்டும் வந்தால் கியர்பாக்ஸின் உள்பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே இரண்டு நிலையிலும் இருந்தது, நிறுத்தும் கணத்தில் உச்சத்துக்குப் போனது. இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஃப்ளைவீலின் மேல் சந்தேகம் கொள்ள இது போதும்.

ஏன் அந்தச் சந்தேகம்?

நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 900 ஆர்பிஎம் ஐட்லிங் என்றால் நொடிக்கு 30 உதை. டீசலில் ஒவ்வொரு உதையும் முரட்டு உதை. சாதாரண ஃப்ளைவீல் ஒரே வார்ப்பு. அந்த உதையில் பெரும்பகுதி கியர்பாக்ஸுக்குப் போய்விடும். பற்கள் ஒன்றோடொன்று மோதிச் சலசலக்கும். இதற்காகத்தான் ஃப்ளைவீலையே இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டோடு, மறு பாதி கிளட்சோடு. நடுவில் கிரீஸில் ஊறிய நீளமான வில் வடிவ ஸ்பிரிங்குகள். ஐரோப்பாவில் லுக் (LuK) என்ற கிளட்ச் நிறுவனம் 1985இல் இதைக் கார்களுக்குத் தொடர் உற்பத்தியாகக் கொண்டுவந்தது. ஒற்றை வீலில் ஓடும் வேகத்துக்குள்ளேயே வரும் அதிர்வு உச்சம், இரட்டை வீலில் ஐட்லிங்குக்கும் கீழே தள்ளப்பட்டுவிடுகிறது. வண்டி ஓடும்போது நாம் அந்த வேகத்தைத் தொடுவதே இல்லை, இன்ஜினைப் போடும்போதும் நிறுத்தும்போதும் தவிர. ஸ்பிரிங் போன வீல் நிறுத்தும்போது உலுக்குவது இதனால்தான். மவுண்டிங் மாற்றியும் சத்தம் போகாததற்கு விளக்கம் இங்கேயே இருந்தது.

கோவையில் பாகங்கள் வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கிளட்ச் செட்டும் ஃப்ளைவீலும் எடுத்துப்போவோம். பிரித்துப் பார்த்து வீல் நன்றாக இருந்தால் பெட்டியைத் திறக்காமல் திருப்பித் தருவோம். வீலின் விலை மட்டும் கிளட்ச் செட்டைப்போல இரு மடங்குக்கு மேல். மாமாவின் முகம் வாடியது அங்கேதான்.

கியர்பாக்ஸ் இறக்கியது

இடம், தோப்பில் கொப்பரைக் கொட்டகையின் சிமெண்டுத் தரை. வீட்டில் இந்த வேலை செய்ய நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இன்ஜினை எதில் தொங்கவிடுவது என்பதைத்தான். இடது பக்க மவுண்டிங்கைக் கழற்றியதும் இன்ஜினுக்கு அந்தப் பக்கம் பிடிமானம் கிடையாது. எங்களுக்கு வழி தோப்பிலேயே இருந்தது: போர் மோட்டார் தூக்கும் இரும்பு முக்காலியும் செயின் பிளாக்கும். அதன் கால்களை வண்டிக்கு இருபுறமும் ஊன்றி, இன்ஜினின் தூக்குக் கொக்கியில் சங்கிலியை மாட்டினோம். வண்டியை நிறுத்தியது நல்ல ஸ்டாண்டுகளின் மேல். ஜாக்கியை மட்டும் நம்பியோ ஹாலோ பிளாக் கல்லை அடுக்கியோ இதற்குள் தலையை விடுபவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை.

கழற்றும் வரிசையில் புதுமை எதுவும் கிடையாது. பேட்டரி, அதன் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி. பேட்டரியைத் தொடும் முன் ரேடியோவைத் திறக்கும் ரகசிய எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கியர் கேபிள்களின் முனைகளை மட்டும் கழற்றினோம். அட்ஜஸ்ட்மென்ட்டில் கை வைக்கவில்லை. பெடல் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுவரும் சிலேவ் சிலிண்டரை டியூபோடு அப்படியே எடுத்து ஓரமாகக் கட்டினோம். அது வெளியே இருக்கும்போது பெடலை மிதித்தால் பிஸ்டன் பிதுங்கி வந்துவிடும். டிரைவர் சீட்டில் யாரையும் உட்காரவிடவில்லை, மாமாவையும் சேர்த்து. ஸ்டார்ட்டர், ரிவர்ஸ் லைட் சுவிட்ச், ஸ்பீடு சென்சார் ஒயர்கள் எல்லாம் சில நிமிட வேலை.

நேரம் தின்றது ஆக்சில் போல்ட்கள். உள்பக்க ஜாயிண்ட்டைப் பிடித்திருப்பவை பன்னிரண்டு முனைக் குழி கொண்டவை. ஆலன் சாவியோ ஸ்டார் பிட்டோ கிட்டத்தட்டப் பொருந்துகிற மாதிரி ஏமாற்றும். பலம் கொடுத்ததும் குழி வட்டமாகிவிடும். அதற்குரிய பிட்டையே வாங்க வேண்டும். குழிக்குள் கல்லாக இறுகிக் கிடந்த கிரீஸையும் மண்ணையும் ஊசியால் நோண்டி எடுத்து, பிட்டைச் சுத்தியலால் தட்டி உட்காரவைத்த பிறகே திருப்பினோம். அவிழ்ந்த ஆக்சிலைத் தொங்கவிடாமல் கம்பியால் மேலே கட்டினோம்.

வலது ஆக்சில் வந்து மாட்டும் ஃபிளாஞ்ச் (வட்ட முகப்பு) அருகே ஃப்ளைவீலை மூடியபடி உள்ளங்கை அளவுத் தகடு ஒன்று உண்டு, ஒரே ஒரு சின்ன போல்ட்டில். அதைப் பார்க்காமல் விட்டால், எல்லா போல்ட்டும் கழன்ற பிறகும் கியர்பாக்ஸ் ஏன் வர மறுக்கிறது என்று கடப்பாரையைத் தேட வேண்டியிருக்கும். இறக்கும்போது இரண்டு பேர் கீழே, ஒருவர் சங்கிலியில். நாற்பது கிலோவை ஒட்டிய எடை. தூக்குவதைவிட, சாயாமல் நேராகப் பின்னுக்கு இழுப்பதுதான் பாடு. பாதி வந்த நிலையில் கிளட்ச் பிளேட்டின் மேல் தொங்கினால் ஸ்பிளைன் (பிளேட்டும் ஷாஃப்ட்டும் கோத்துக்கொள்ளும் பல்வரிசை) கெட்டுவிடும்.

உள்ளே கண்டது

கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் உள்சுவர் முழுக்கக் கறுப்புக் கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தது. கியர் ஆயில் என்றால் ஒழுகிய தடம் கீழ்நோக்கி இருக்கும், மணமும் வேறு. இது சுழன்று தெறித்த கிரீஸ். ஃப்ளைவீலின் உள்ளே மட்டுமே இருக்க வேண்டியது. கிளட்ச் தூசியை ஏர் அடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தோம். பழைய லைனிங்கில் (பிளேட்டின் உரசும் பட்டை) என்ன கலந்திருக்கும் என்று தெரியாதபோது ஊதுவது மூச்சுக்கு நல்லதில்லை.

கிளட்ச் பிளேட்டில், அதை வீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட் பக்கத்து லைனிங் இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். ஃப்ளைவீல் பக்கம்தான் ரிவிட் தலை வரை தேய்ந்திருந்தது. வீலின் முகத்தில் நீலமும் ஊதாவுமாகச் சூட்டுத் திட்டுகள், நடுநடுவே மயிரிழை வெடிப்புகள். அப்புறம் வீலின் வெளிப்பாதியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். இருசு தேய்ந்த மாட்டுவண்டிச் சக்கரம் போல ஆடியது.

ஆட்டம் இருப்பதாலேயே வீல் கெட்டது என்று அர்த்தமில்லை. புது இரட்டை வீலிலும் கொஞ்சம் ஆட்டம் உண்டு. எவ்வளவு வரை ஆகும் என்பதை ஒவ்வொரு பாக எண்ணுக்கும் தனித்தனியாகத் தயாரிப்பாளர் கொடுக்கிறார்: சாயும் ஆட்டம் மில்லிமீட்டரில், சுழலும் ஆட்டம் வீலின் விளிம்பிலுள்ள பல்வளையமான ரிங் கியரின் பல் கணக்கில். ரிங் கியரை அசையாமல் பிடித்து, வெளிப்பாதியை ஸ்பிரிங் தட்டும் வரை ஒரு பக்கம் திருப்பிக் கோடு போட்டு, மறுபக்கம் திருப்பி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே உள்ள பற்களை எண்ணுவதுதான் அளவு. எங்கள் வீல் இரண்டு சோதனையிலும் வரம்பைத் தாண்டியிருந்தது. புது வீலின் பெட்டியைத் திறந்தோம்.

ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் நெம்புகோலான ரிலீஸ் ஃபோர்க்கையும் சொல்ல வேண்டும். அது சாய்ந்தாடும் குண்டுத் தலையின் மேல் பிளாஸ்டிக் தொப்பி ஒன்று உண்டு. தொப்பி தேய்ந்து மறைந்து, குண்டு ஃபோர்க்கின் தகட்டையே அரித்துப் பின்பக்கம் மொட்டுவிடத் தொடங்கியிருந்தது. இன்னும் சில மாதத்தில் துளைத்து வெளியே வந்திருக்கும். அன்றைக்குக் கிளட்ச் பெடல் நேராகத் தரைக்குப் போயிருக்கும். புது ஃபோர்க்குக்கு ஆனது சில நூறு ரூபாய்தான். கிளட்ச் செட் என்று விற்கும் பெட்டியில் இது வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

லேத் பட்டறை யோசனைகள்

புது வீல் மாட்டும் முன் பழையதோடு ஒருமுறை லேத் பட்டறைக்குப் போனோம், செலவைக் குறைக்க வழி உண்டா என்று மாமாவின் திருப்திக்காக. கோவைப் பக்கம் லேத்துக்குப் பஞ்சமில்லை, யோசனைக்கும் பஞ்சமில்லை. முகத்தைக் கடைந்து தரலாம் என்றார் பட்டறை அண்ணன். அம்பாசிடர், மாருதி 800 மாதிரி வண்டியின் ஒற்றை வீல் என்றால் நானே கொடுத்திருப்பேன். இரட்டை வீலின் முகத்தைக் கடையத் தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை. கடைந்தாலும் உள்ளே செத்த ஸ்பிரிங் பிழைக்காது.

அடுத்த யோசனை, இரண்டு பாதியையும் வெல்டு வைத்து ஒன்றாக்கிவிடுவது. ஊரில் இது நடக்கிறது, சில காலம் ஓடவும் ஓடும். ஆனால் இந்த வண்டியின் கிளட்ச் பிளேட்டுக்கு நடுவில் ஸ்பிரிங் கிடையாது. அதிர்வை உள்வாங்கும் வேலை முழுக்க வீலினுடையது. வீலை வெல்டு வைத்தால் அதிர்வைத் தின்ன எங்குமே ஆள் இல்லை. உதை நேராகக் கியர் பற்களுக்குப் போகும்.

மூன்றாவது வழி நியாயமானது: ஒற்றை வீலும் நடுவில் ஸ்பிரிங் வைத்த பிளேட்டும் சேர்ந்த மாற்று செட். விலை குறைவு, மறுபடி பழுதாகும் இரட்டை வீலும் இல்லை. சமதளத்தில் ஓடும் வண்டி என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாமா ஓட்டுவது குறைந்த ஆர்பிஎம்மில். ஒற்றை வீல் சலசலப்பது சரியாக அந்த இடத்தில். அவருக்கு அது ஒத்துவராது என்று முடிவு செய்தோம். சென்னை புதுப்பேட்டையில் பழைய வீல் கிடைக்கும் என்றும் ஒருவர் சொன்னார். உள்ளே என்ன நிலை என்று வெளியிலிருந்து தெரியாத ஒரு பாகத்தைப் பழையதாக வாங்குவதற்கு, இருப்பதையே மாட்டலாம்.

பட்டறைக்குப் போனதில் ஒரு லாபம் கிடைத்தது. எப்படியும் இரும்புக்குப் போகிற வீல்தானே என்று அண்ணன் அதை லேத்தில் ஏற்றி மூடியை அறுத்துக் கொடுத்தார். உள்ளே இரண்டு வில் ஸ்பிரிங், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அரைவட்டம். ஒன்று முனையருகே துண்டுதுண்டாக உடைந்து கிடந்தது. ஸ்பிரிங் ஓடும் தடத்தில் விரல் நுனி இடறும் பள்ளம். கிரீஸ் காய்ந்து தார் ஆகியிருந்தது. தொட்டுத் தேய்த்தால் இரும்புத் தூள் மினுங்கியது.

கொன்றது யார்

மாமா ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன் என்பதால் இதைச் சொல்ல முடிகிறது. சீக்கிரம் மேல் கியர் போட்டால் டீசல் மிச்சம் என்பது அவர் கணக்கு. அதனால் மூன்றாவது கியரில் 1200 ஆர்பிஎம்மில், ஏற்றத்தில், முனகிக்கொண்டே ஏறும் வண்டி. டர்போ முழு மூச்சு விடும் முன், இன்ஜின் ஒவ்வொரு உதைக்கும் தடுமாறும் இடம் அது. அந்த வேகத்தில் உதைகளின் இடைவெளி நீளம்; ஆக்சிலரேட்டரை மிதித்தால் வீச்சும் கூடும். வில் ஸ்பிரிங் கடைசிவரை அமுங்கி ஒவ்வொரு முறையும் முட்டும். முனையருகே உடைந்த ஸ்பிரிங்குக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படி முனகி வளைவுக்கு வந்ததும் இழுக்காது. கீழ் கியருக்குப் போகாமல் அரை கிளட்சில் சமாளித்துத் திரும்புவார். ஏறும்போதெல்லாம் 40 வளைவிலும் இதே கதை. அரை கிளட்சில் பிறக்கும் சூடு வீலின் வெளிப்பாதிக்குள் இறங்குகிறது. சூடேறிய கிரீஸ் இளகி, சீல் தாங்காமல் வெளியே வந்துவிடுகிறது. பெல் ஹவுசிங்கில் பார்த்தது அதைத்தான். மிச்சக் கிரீஸ் காய்கிறது, ஸ்பிரிங் வறட்டுத் தடத்தில் ஓடுகிறது, நடு புஷ் தேய்கிறது, வெளிப்பாதி சாய்கிறது. சாய்ந்த முகத்தில் உரசும் பிளேட்டின் அந்தப் பக்கம் மட்டும் தேய்கிறது. கிளட்ச் செட் மட்டும் மாற்றியிருந்தால் புது பிளேட்டும் அதே ஆடும் முகத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது சந்தேகம் ஐட்லிங் சீராக இல்லாதது. ஒரு சிலிண்டர் மட்டும் சரியாக எரியாவிட்டால் வீல் நாள் முழுக்க அடி வாங்கும். டீசல் பம்ப் சர்வீஸ் கடையில், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களைச் சோதித்ததில் ஒன்று தெளிக்காமல் சொட்டியது. அதையும் மாற்றினோம். இந்த மூன்றில் எதற்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் உடைந்த ஸ்பிரிங்கைப் பார்த்த பிறகு என் வாக்கு அந்த 1200 ஆர்பிஎம்முக்குத்தான்.

பூட்டியது

கிராங்கின் பின் ஆயில் சீலை மாற்றுவதா என்று ஒரு விவாதம். கழற்றியதோடு மாற்றிவிடு என்பது பொது வழக்கம். சீலைச் சுற்றித் துளி ஈரம் இல்லை. இந்த வகை டெஃப்லான் சீலை ஆயில் தடவாமல், கூட வரும் பிளாஸ்டிக் வளையத்தை வைத்து உலர்வாக ஏற்ற வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் புதுசு ஒழுகும். ஒழுகாத பழையதை அப்படியே விட்டோம். கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல் லேசாகக் கசிந்திருந்ததால் அதை மட்டும் மாற்றினோம்.

ஃப்ளைவீல் போல்ட்கள் புதியவை. ஒருமுறை இழுபட்டதை மறுபடி போடக் கூடாது. 60 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் கால் சுற்று. கால் சுற்றை அளக்க ஒவ்வொரு தலையிலும் பெயிண்ட் புள்ளி வைத்துக்கொண்டோம். பிளேட்டில் கியர்பாக்ஸ் பக்கம் எது என்று பொறித்திருக்கும், பார்த்து வைக்க வேண்டும். திருப்பி வைத்துப் பூட்டிவிட்டு மறுபடி இறக்கியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஸ்பிளைனில் கிரீஸ் ஒரு பூச்சு மட்டும். அதிகமானால் சுழன்று லைனிங்கில் தெறிக்கும். பிரஷர் பிளேட் போல்ட்களை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கினோம்.

கியர்பாக்ஸை ஏற்றும்போது இரண்டு கவனிப்பு. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே மெல்லிய தகடு உண்டு. அது வழிகாட்டிப் புஷ்களில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசி ஒரு சென்டிமீட்டர் சேராவிட்டால் போல்ட்டைப் போட்டு இழுக்கக் கூடாது. டாப் கியரில் வைத்து ஃபிளாஞ்சைக் கையால் லேசாகச் சுழற்றினால் ஸ்பிளைன் தானே இடம் கண்டு உள்ளே போகும். எங்களுக்கும் அப்படித்தான் போனது. அப்புறம் பெரிய போல்ட்களுக்கு 80 நியூட்டன் மீட்டர், ஆக்சிலின் எட்டு மில்லிமீட்டர் போல்ட்களுக்கு 40. கியர் ஆயில் சுமார் இரண்டு லிட்டர், 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம். கடையில் ஜிஎல்-5 தருவதற்கே கை நீளும். கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் சின்க்ரோ வளையங்களுக்கு அது ஆகாது.

இப்போது இன்ஜினை நிறுத்தினால் சத்தமே இல்லை. பெடலும் பூப்போல இறங்குகிறது, அதில் பாதிப் புண்ணியம் ஃபோர்க்குக்கு. முதல் சில நூறு கிலோமீட்டர் மலைப்பக்கம் போக வேண்டாம் என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டோம். லைனிங் படிந்த பிறகு அதே நான்காவது கியர் சோதனையைச் செய்தோம். முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறின.

அறுத்த வீலைக் கையில் கொடுத்துக் காட்டியதில் மாமாவுக்கு விஷயம் பிடிபட்டது. வளைவுக்கு முன்பே இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதலாவது. ஏற்றத்தில் 1500க்குக் கீழே மிதிப்பதில்லை. வால்பாறை போய்வந்து டேங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தவர், “டீசல் ஒண்ணும் கூடப் புடிக்கல கண்ணு” என்று போன் செய்தார். ரயில்வே கேட்டில் கியரில் போட்டுக் கிளட்சை மிதித்தபடியே காத்திருக்கும் பழக்கத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறார். ரிலீஸ் பேரிங்கின் சார்பில் நானும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.